கருந்துளைக்கு ஒரு கணக்குக் கொப்பி

2015 ஜூன் 16. நம் இலங்கை நேரப்படி நள்ளிரவு 12 தாண்டி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அமாவாசை இருட்டு. அந்த வேளையில் திருகோணமலை உப்புவெளிக் கரையில் யாராவது மல்லாந்து படுத்துக் கிடந்திருந்தால், வடகிழக்கே கடலுக்கு மேலே அன்னம் என்ற விண்மீன் கூட்டம் ஏறிக்கொண்டிருப்பது தெரிந்திருக்கும். நேர் தெற்கே, தனுசு ராசிப் பக்கம், பால்வீதியின் தடித்த நடுப்பகுதி. மேற்கே ஊர் வெளிச்சங்களுக்கு மேல் கன்னி ராசியின் சித்திரை நட்சத்திரம் சாய்ந்துகொண்டிருந்திருக்கும். மூன்று திசையிலும் ஆளுக்கொரு கருந்துளை.

அன்னத்துக்குள் இருப்பது வி404 சிக்னி. 7,800 ஒளியாண்டு தூரத்தில், சூரியனைப் போல 9 மடங்கு திணிவோடு, பக்கத்தில் ஒரு சிறிய விண்மீனை வைத்துக்கொண்டு சுற்றுகிறது. கன்னிப் பக்கம் இருப்பது 3சி 279. அது ஒரு முழு விண்மீன் மண்டலத்தின் மையம். அங்குள்ள கருந்துளைக்குச் சூரியனைப் போல சுமார் 500 மில்லியன் மடங்கு திணிவு. அதன் ஒளி நம்மிடம் வர ஏறக்குறைய 5 பில்லியன் ஆண்டு எடுக்கும், அதாவது பூமி உண்டாகும் முன்பே புறப்பட்ட ஒளி. தெற்கே இருப்பது நம் சொந்தப் பால்வீதியின் சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார்.

முதல் இரண்டும் அந்த வாரம் கொதித்துக்கொண்டிருந்தன. மூன்றாவது வழக்கம்போல நித்திரை. நானும் நித்திரைதான். விஷயம் எனக்குத் தெரியவந்தது பல மாதம் கழித்து.

எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் கடலுக்குப் போகிற ஓர் அண்ணன் இருக்கிறார். அவருக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு நாளும் சீ.ஆர். கொப்பியில் ஒரு வரி எழுதுவார்: திகதி, பிறை, காற்று, பட்ட மீன், எரிந்த எண்ணெய். கடலுக்குப் போகாத நாளுக்கும் வரி உண்டு. அவரிடம் இருக்கும் கொப்பிகளில் மிகப் பழையது 2005ஆம் ஆண்டினுடையது. நான் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுப்பவன் என்பதால், தொலைக்காட்சியில் கருந்துளைப் படம் காட்டிய காலத்தில் என்னைப் பிடித்துக் கேட்டார்: "தம்பி, கறுப்பெண்டு சொல்றீங்க. கறுப்பு இருட்டுக்குள்ள இருந்தா அதை என்னெண்டு பார்க்கிறது?"

நியாயமான கேள்வி. 2019 ஏப்ரல் 10இல் எம்87 மண்டலத்தின் கருந்துளைப் படமும், 2022 மே 12இல் நம் பால்வீதிக் கருந்துளையின் படமும் வெளியானதிலிருந்து, கருந்துளையைப் பார்ப்பதென்றால் அந்தச் செம்மஞ்சள் வளையத்தைப் பார்ப்பதுதான் என்று ஆகிவிட்டது. அவை ரேடியோ அலையில், உலகம் முழுக்கப் பரந்த தொலைநோக்கிகளைச் சேர்த்துக் கட்டி எடுத்தவை. கருந்துளையின் வாசலிலிருந்து காமாக்கதிரும் வரும், எக்ஸ்ரேயையும் விடச் சக்தி கூடிய ஒளி அது. ஆனால் காமாக்கதிரில் அப்படிப் படம் எடுக்க வழியே இல்லை. இன்று இந்த வேலையில் முதல் ஆளாக இருக்கும் ஃபெர்மி செய்மதியின் பெரிய கருவிக்கு, 1 கிகா இலத்திரன்வோல்ற்று என்ற சக்தி அளவில் ஒரு புள்ளி ஏறக்குறைய 0.8 பாகை அகலத்துக்குக் கலங்கித் தெரியும். முழு நிலாவே அரைப் பாகைதான். நிலாவை விடப் பெரிய மங்கலுக்குள் கருந்துளையை எங்கே தேடுவது?

ஆகவே காமாக்கதிர்க்காரர் வடிவத்தைத் தேடுவதில்லை. ஒரு திசையிலிருந்து இன்றைக்கு எத்தனை காமாக்கதிர் வந்தது, நேற்றைக்கு எத்தனை, போன கிழமை எத்தனை என்று எழுதிவைக்கிறார்கள். கருந்துளை வாய் திறந்து எதுவும் சொல்லாது. ஆனால் அதன் வாசலில் சாப்பாடு விழும்போது நடக்கும் ஆரவாரம் கூடிக் குறைவதிலிருந்து உள்ளே இருப்பது எவ்வளவு பெரிது, எவ்வளவு வேகம், எத்தனை நாளைக்கு ஒருமுறை பசிக்கிறது என்பதெல்லாம் தெரியவரும். அண்ணனிடம் இதைத்தான் சொன்னேன்: உங்கள் கொப்பி மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள், மீனுக்குப் பதிலாகக் காமாக்கதிர்.

வி404 சிக்னியின் கதை இதற்கு நல்ல தொடக்கம். கந்தளாய்க் குளத்தைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். பக்கத்து விண்மீனிலிருந்து வாயு கொஞ்சம் கொஞ்சமாக இழுபட்டு வந்து, நேரே கருந்துளைக்குள் விழாமல், சுற்றிலும் ஒரு தட்டுப் போலத் தேங்கும். குளிர்ந்த வாயு சோம்பேறி. இருந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, ஓர் இடத்தில் ஐதரசன் தன் இலத்திரனை இழந்து அயனாகும் அளவுக்குச் சூடேறியதும், தட்டின் குணமே மாறிவிடும். உராய்வு கூடும், மொத்தமும் உள்நோக்கிப் பாயும். வான்கதவு திறந்த மாதிரி. வி404இல் இதற்கு முன் அப்படிப் பாய்ந்தது 1989இல். பிறகு 26 ஆண்டு சத்தமில்லை.

அந்த நள்ளிரவில் முதலில் விழித்துக்கொண்டது நாசாவின் ஸ்விஃப்ட் செய்மதி. அதில் இருக்கும் எச்சரிக்கைக் கருவி கண்ணாடி வில்லையால் பார்ப்பதில்லை. இவ்வளவு சக்தியுள்ள கதிரை வில்லையால் வளைக்க முடியாது. மேலே ஆயிரக்கணக்கான சிறு ஈயத் துண்டுகளை ஒழுங்கில்லாமல் பதித்த ஒரு கூரை, கீழே உணரிகள். கிடுகு வேலிக்குள்ளால் வெயில் நிலத்தில் விழும்போது ஒரு கோலம் விழுமே, சூரியன் நகர நகர அந்தக் கோலமும் நகருமே, அதே தந்திரம்தான். நிழல் விழுந்த விதத்தை வைத்துக் கதிர் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுவிடும். ஓரிரு நாளில் ஐரோப்பாவின் இன்டெக்ரல் செய்மதியும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. உச்சத்தில் வி404, நண்டு நெபுலாவை (வெடித்த ஒரு விண்மீனின் மிச்சம்) விட 50 மடங்கு பிரகாசித்தது. வீட்டுக் கடையில் கொத்து, சுண்டு என்று அளப்பது போல இந்தத் துறையில் நண்டு நெபுலாதான் அளவுப் பாத்திரம். அந்தப் பாத்திரமே ஒருமுறை காலை வாரிவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இதையெல்லாம் ஏன் கடற்கரையில் ஒரு கருவியை வைத்துப் பார்க்க முடியாது? நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று முழுவதையும் அமுக்கித் தண்ணீரின் அடர்த்திக்குக் கொண்டுவந்தால் சுமார் 10 மீற்றர் ஆழம் வரும். காமாக்கதிர் அதற்குள்ளால் தரைக்கு வராது. வந்தால் நாமும் இங்கே இருக்கமாட்டோம் என்பது வேறு விஷயம். மிக மிக உயர்ந்த சக்தியுள்ளவை மேலே காற்றில் மோதி உண்டாக்கும் நீல மின்னலைத் தரையிலிருந்து பிடிக்கலாம். லடாக்கின் ஹன்லேயில், கடல் மட்டத்திலிருந்து 4 கிலோமீற்றருக்கு மேலே, 21 மீற்றர் விட்டமுள்ள மேஸ் தொலைநோக்கி அதற்காகவே 2024 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. ஆனால் அது பார்ப்பது வானத்தின் ஒரு சின்னத் துண்டு, அதுவும் தெளிந்த இருட்டான இரவில் மட்டும். நாள் தவறாமல் கொப்பி எழுத அது போதாது. அதற்கு மேலேதான் போகவேண்டும்.

ஃபெர்மி 2008 ஜூன் 11இல் புறப்பட்டது. தரையிலிருந்து 500 கிலோமீற்றருக்கு மேலே, ஏறக்குறைய 95 நிமிடத்துக்கு ஒரு சுற்று. அதன் பாதை பூமியின் நடுக்கோட்டுக்கு 25.6 பாகை சாய்ந்தது. அதனால் நம் ஊரின் 8.6 பாகை அகலக்கோட்டுக்கு மேலாலும் அது போய்வருகிறது. லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் சொந்தக்காரருக்கு அது ஒருநாளும் உச்சிக்கு வராது. இப்படி நாம் முந்திக்கொள்ளும் விஷயங்கள் குறைவு என்பதால் சொல்லிவைக்கிறேன்.

அதன் பெரிய கருவி 16 கோபுரங்களை 4க்கு 4 ஆக அடுக்கிய ஒரு பெட்டி. ஒவ்வொரு கோபுரத்துக்குள்ளும் தங்குதன் தகடுகளும் சிலிக்கன் பட்டைகளும் மாறி மாறி அடுக்கியிருக்கும். காமாக்கதிர் தங்குதன் அணுவொன்றின் பக்கத்தால் போகும்போது தான் அழிந்து ஓர் இலத்திரனும் அதன் எதிர்த்துணிக்கையான ஒரு பொசித்திரனுமாகப் பிரிந்துவிடும். அந்தச் சோடி சிலிக்கன் பட்டைகளைக் குத்திக்கொண்டு கீழே போகும். குத்திய தடத்தைப் பின்னோக்கி நீட்டினால் வந்த திசை கிடைக்கும். அடியில் இருக்கும் சீசியம் அயடைட்டுக் கட்டிகள் எவ்வளவு சக்தி என்று சொல்லும். சரி, விண்வெளியில் இலத்திரன், புரோத்தன் என்று ஏற்றமுள்ள துணிக்கைகள் காமாக்கதிரை விடப் பல்லாயிரம் மடங்கு கொட்டுகின்றனவே, அவற்றை எப்படித் தள்ளுவது? பெட்டியைச் சுற்றி 89 பிளாஸ்ரிக் ஓடுகள். ஏற்றமுள்ள துணிக்கை ஓட்டைத் தொட்டதும் ஓடு மின்னும். காமாக்கதிர் சத்தமில்லாமல் உள்ளே வரும். மின்னிக்கொண்டு வருபவரை வாசலிலேயே கழித்துவிடலாம். இத்தனையும் 650 வாற்றில் ஓடுகிறது. வீட்டில் உடுப்பு அயன் பண்ண 1,000 வாற்று வேண்டும்.

கடைசியில் பூமிக்கு வருவது என்ன? ஒவ்வொரு காமாக்கதிருக்கும் ஒரு வரி. வந்த நேரம், வந்த திசை, சக்தி. இந்த வரிகளை 2009 ஓகஸ்ட் முதல் யாரும் எடுத்துப் பார்க்கலாம் என்று திறந்து விட்டிருக்கிறார்கள்.

இப்போது 3சி 279க்கு வருவோம். இந்தக் கட்டுரையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். கொஞ்சம் இருந்து பார்க்கலாம்.

பெரும்பாலான விண்மீன் மண்டலங்களின் நடுவில் பெரிய கருந்துளை உண்டு. அதில் சிலவற்றில் சாப்பாடு நிறைய விழுகிறது. அவற்றைச் செயல்படும் மண்டலங்கள் என்கிறார்கள். அவற்றிலும் சில, விழுவதில் ஒரு பங்கை விழுங்காமல் இரண்டு பக்கமும் தாரையாகப் பீய்ச்சுகின்றன, ஒளியின் வேகத்துக்கு மிக நெருங்கிய வேகத்தில். அந்தத் தாரை தற்செயலாக நம்மை நோக்கி இருந்தால் அதற்குப் பெயர் பிளேசர். இரவில் நிலாவெளி வீதியில் எதிரே வரும் மோட்டார் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். அதன் லைற் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அது ஒரு சாதாரண சைக்கிள். நேரே கண்ணுக்கு நேராகத் திரும்பியதும் வேறெதுவும் தெரியாது. ஃபெர்மியின் 14 ஆண்டுப் பட்டியலில் 7,000க்கு மேற்பட்ட காமாக்கதிர் மூலங்கள் இருக்கின்றன. அதில் பாதிக்கு மேல் இப்படி நம் கண்ணுக்கு லைற் அடிப்பவைதான்.

2015 ஜூன் நடுப்பகுதியில் 3சி 279 திடீரென்று பொங்கத் தொடங்கியது. வழக்கமாக வானம் முழுவதையும் மாறி மாறித் துழாவிக்கொண்டிருக்கும் ஃபெர்மியை, ஜூன் 15இலேயே அந்த ஒரு திசையை நோக்கித் திருப்பினார்கள். 16ஆம் திகதி உச்சம். காமாக்கதிர் வானத்தில் எப்போதும் முதலாவதாக ஒளிரும் வேலா துடிவிண்மீனையே (சுழன்று துடிக்கும் ஒரு செத்த விண்மீன்) அது தாண்டிவிட்டது. 5 பில்லியன் ஆண்டு பயணம் செய்து வந்த ஒளி, சுமார் ஆயிரம் ஒளியாண்டில் இருக்கும் அயலானை மிஞ்சியது. ஆனால் வியப்பு அதில் இல்லை. வந்த வரிகளை நிமிடம் நிமிடமாகப் பிரித்துப் பார்த்தபோது, பிரகாசம் 5 நிமிடத்துக்கும் குறைந்த நேரத்தில் இரட்டித்திருந்தது.

இதில் என்ன என்று கேட்கலாம். ஒரு பொருள் தன் முழு உடம்போடும் கூடிக் குறையவேண்டுமென்றால், அந்தச் செய்தி அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேரவேண்டும். செய்தி ஒளியை விட வேகமாகப் போகாது. 5 நிமிடத்தில் மாறினால் பொருளின் அகலமும் 5 ஒளி நிமிடத்துக்குள் இருக்கவேண்டும். சூரியனிலிருந்து பூமிக்கே 8 நிமிடத்துக்கு மேல். மறுபக்கம், 500 மில்லியன் சூரியன் திணிவுள்ள கருந்துளையின் ஆரையைக் கணக்குப் போட்டால் சுமார் 1.5 பில்லியன் கிலோமீற்றர். ஒளிக்கே 80 நிமிடத்துக்கு மேல் எடுக்கும். 80 நிமிட வீட்டுக்குள் இருந்து 5 நிமிடச் சிமிட்டல் எப்படி வெளியே வருகிறது?

இதைப் பிள்ளைகளுக்கு நான் கிண்ணியாவை வைத்து விளங்கப்படுத்துவேன். கிண்ணியாவிலிருந்து ஒருவர் திருகோணமலைக்கு மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் சைக்கிளில் வருகிறார். வழியில் ஒரு தூதனை மணிக்கு 20 கிலோமீற்றரில் முன்னே அனுப்புகிறார். 10 நிமிடம் கழித்து இன்னொரு தூதன். அந்த 10 நிமிடத்துக்குள் அவரே 3 கிலோமீற்றர் கிட்ட வந்துவிட்டதால், இரண்டாவது தூதனுக்குப் பாதை 3 கிலோமீற்றர் குறைவு, அதாவது 9 நிமிட ஓட்டம் மிச்சம். ஆகவே 10 நிமிட இடைவெளியில் புறப்பட்ட தூதர்கள் நம் வாசலில் ஒரு நிமிட இடைவெளியில் வந்து நிற்பார்கள். தாரையும் அப்படித்தான்: தான் அனுப்பும் ஒளியைக் கிட்டத்தட்டத் தானே துரத்திக்கொண்டு வருகிறது. அங்கே மணிக்கணக்கில் நடப்பது இங்கே நிமிடக்கணக்காகச் சுருங்குகிறது. 3சி 279இன் 5 நிமிடத்துக்கு, வழக்கமாகத் தாரைகளுக்குச் சொல்லும் வேகம் போதவில்லை. இன்னும் ஒளியை நெருங்கிய வேகம் வேண்டும், அல்லது தாரையின் ஒரு சிறு துண்டு மட்டும் தனியாகப் பற்றியெரிந்திருக்க வேண்டும். எது சரி என்று இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கதையே ஒரு புகைப்படமும் இல்லாமல், வெறும் நேரக் கணக்கிலிருந்து வந்தது.

அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விட்டுவிட முடியாத வேலை இது. 1961இல் எக்ஸ்புளோரர் 11 செய்மதி தன் காலம் முழுவதும் பிடித்தது 22 காமாக்கதிர். 1967இல், அணுகுண்டுப் பரிசோதனைத் தடை மீறப்படுகிறதா என்று பார்க்க அமெரிக்கா விட்ட வேலா செய்மதிகள் வானத்திலிருந்தே வந்த வெடிப்பொன்றைப் பதிந்தன. அதை வெளியே சொன்னது 1973இல். 1991இல் கொம்ப்டன் செய்மதி மேலே போனதும்தான் பிளேசர்கள் கூட்டமாகத் தெரிந்தன, முதலில் இதே 3சி 279. ஆனால் கொம்ப்டனின் காமாக் கருவி ஒரு திசையில் இரண்டு கிழமையளவு நின்று பார்த்துவிட்டு அடுத்த திசைக்குப் போகும். மற்றப் பக்கம் அப்போது என்ன நடந்தாலும் தெரியாது. ஃபெர்மி வந்துதான் இந்தப் பழக்கம் மாறியது. ஒரு சுற்றில் வடக்கே சாய்ந்து, அடுத்த சுற்றில் தெற்கே சாய்ந்து, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை முழு வானத்தையும் பார்த்து முடித்துவிடும். அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, "முந்தினது தூண்டில், இது வலை" என்றார். அதற்கு மேல் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

ஃபெர்மிக்கு ஓராண்டு முன்பே இத்தாலியின் அஜிலே என்ற சிறிய செய்மதி இதே வேலைக்குப் போயிருந்தது. இத்தாலியுடையதாக இருந்தாலும் 2007 ஏப்ரல் 23இல் அது ஏறியது இந்திய பிஎஸ்எல்வி ரொக்கெட்டில், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. வரைபடத்தில் அளந்தால் நம்மிடமிருந்து வடக்கே 600 கிலோமீற்றருக்குள். 2010 செப்டம்பரில் அந்தச் சின்னச் செய்மதிதான் நண்டு நெபுலா பொங்குவதைப் பிடித்தது. மற்றவற்றை அளக்க நிலையான அளவென்று எல்லோரும் நம்பியிருந்த நண்டு நெபுலா! ஃபெர்மியும் தன் கொப்பியைப் பார்த்து ஆமென்றது. அளவுப் பாத்திரம் காலை வாரியது என்று மேலே சொன்னது இதைத்தான்.

கொப்பி இருப்பதன் பெறுமதி சிலவேளை வேறொருவர் கேள்வி கேட்கும்போதுதான் தெரியும். 2017 செப்டம்பர் 22இல் தென்துருவப் பனிக்குள் புதைத்த ஐஸ்கியூப் கருவியில் ஒரு நியூத்திரினோ, அதாவது எதற்குள்ளாலும் ஊடுருவிப் போகும் ஏற்றமில்லாத நுண்துணிக்கை, சிக்கியது. சக்தி மிக அதிகம். அது வந்த திசையில் டிஎக்ஸ்எஸ் 0506+056 என்ற பிளேசர் இருந்தது. ஃபெர்மியின் பதிவைப் புரட்டினால், அந்தப் பிளேசர் அப்போது பல மாதங்களாகப் பொங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. 2018 ஜூலையில் பெரிய செய்தியாக வந்தது. செய்திகள் அதோடு நின்றுவிட்டன. எனக்கு அதைவிடச் சுவாரசியமானது அதன் பின்குறிப்பு. ஐஸ்கியூப்காரர் தங்கள் பழைய பதிவைக் கிண்டியபோது, 2014 கடைசியிலும் 2015 தொடக்கத்திலும் அதே திசையிலிருந்து ஒரு டசின் அளவு நியூத்திரினோ கூடுதலாக வந்திருந்தது. ஃபெர்மியின் கொப்பியிலோ அந்த மாதங்களில் பிளேசர் அமைதி. ஒருமுறை இரண்டும் சேர்ந்து வந்தன, மறுமுறை ஒன்று மட்டும். 2022இல் 47 மில்லியன் ஒளியாண்டிலுள்ள என்ஜிசி 1068 மண்டலத்திலிருந்து 80 அளவில் நியூத்திரினோ வந்ததாகச் சொன்னார்கள். காமாக்கதிரோ மிகச் சொற்பம். கருந்துளைக்கு மிகக் கிட்ட, அடர்ந்த எக்ஸ்ரே மூட்டத்துக்குள் நடப்பதால் காமாக்கதிர் வெளியே வரமுன் அழிந்துவிடுகிறது என்பது இப்போதைய விளக்கம். அங்கே "ஒன்றும் வரவில்லை" என்ற வரிதான் தடயம். கடலுக்குப் போகாத நாளையும் அண்ணன் எழுதுவது எனக்கு ஞாபகம் வந்தது.

நம் தெற்குத் திசைக் கருந்துளைக்கும் ஒரு வார்த்தை. 4 மில்லியன் சூரியன் திணிவோடு அது இப்போது சும்மா கிடக்கிறது. ஆனால் 2010இல் ஃபெர்மியின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், பால்வீதித் தட்டுக்கு மேலும் கீழும் தலா 25,000 ஒளியாண்டு உயரத்துக்கு இரண்டு குமிழிகள் நிற்பதைக் கண்டார்கள். எப்போதோ அதுவும் நன்றாகச் சாப்பிட்டு ஏப்பம் விட்டிருக்கலாம். அல்லது அப்பக்கம் விண்மீன்கள் கூட்டமாகப் பிறந்து வெடித்ததன் மிச்சமாகவும் இருக்கலாம்.

நீண்ட பதிவு இருந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று எண்ணவேண்டாம். பிஜி 1553+113 என்ற பிளேசர் 2.2 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைவதாக 2015இல் சொன்னார்கள். இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றுவதாக உடனே ஒரு பேச்சு. அப்போது கையில் இருந்தது மூன்று சுற்றுக்குச் சற்று மேல்தான். மூன்று வருடம் ஆடியில் காற்று ஓய்ந்ததென்று நாலாம் வருடம் நம்பிக் கடலுக்குப் போகிறவர் யாரும் இங்கே இல்லை. அதன்பின் வந்த உச்சங்களும் ஏறக்குறைய நேரத்துக்கே வந்திருக்கின்றன. இருந்தாலும் நான் இன்னும் பொறுத்துப் பார்க்கும் கட்சி.

எனக்கே ஒரு அடி விழுந்ததால் இந்த எச்சரிக்கை. இரவு நேர டேட்டா மலிவென்று விடிய விடிய ஃபெர்மியின் வரிகளை இறக்கி, 3சி 279ஐச் சுற்றி 5 பாகை வட்டம் போட்டு, கிழமைக்கு எத்தனை வரி என்று எண்ணி ஓர் ஒளி வளையி, அதாவது பிரகாசம் நாளோடு கூடிக் குறைவதைக் காட்டும் கோடு, வரைந்தேன். முறையாகச் செய்ய இலவச மென்பொருளை அவர்களே தருகிறார்கள். எனக்குப் பொறுமை இல்லை. ஒக்டோபர் தொடக்கத்தில் வளையி மெல்ல மேலே ஏறியது. இரண்டு கிழமையில் இறங்கியது. அழகான ஒரு மேடு. நெஞ்சு அடித்துக்கொண்டது. கண்டுபிடித்துவிட்டேன் என்று வீட்டில் எல்லோரையும் எழுப்பினேன். பிறகு முந்திய வருடத்தைப் பார்த்தால் அங்கேயும் ஒக்டோபரில் மேடு. அதற்கு முந்திய வருடமும். வருடம் தவறாமல் ஒரே திகதியில் பொங்குகிற பிளேசரா?

அது சூரியன். ஒவ்வொரு ஒக்டோபர் 8ஆம் திகதி வாக்கிலும் சூரியன் 3சி 279க்கு முன்னால் வந்து அதை மறைத்துக்கொண்டு போகிறது. விண்வெளியில் கொட்டும் அந்த ஏற்றமுள்ள துணிக்கைகள் (அண்டக்கதிர்கள்) சூரியனில் மோதுவதால் அங்கிருந்தும் காமாக்கதிர் வரும். என் 5 பாகை வட்டத்துக்குள் அது 10 நாள் அளவுக்கு நடந்து போயிருக்கிறது. புரட்டாசியில் சூரியன் கன்னியில் நிற்கும் என்று பஞ்சாங்கம் பார்க்கிற எந்த அம்மம்மாவும் சொல்லியிருப்பார். இன்னொன்று, நிலாவும் மாதமொருமுறை அந்தப் பக்கத்தால் போகும். காமாக்கதிரில் நிலா, அமைதியான சூரியனை விடப் பிரகாசம். அண்டக்கதிரைத் தடுக்க அதனிடம் சொல்லிக்கொள்ளும்படி காந்தப்புலம் இல்லாததால் எல்லாம் நேரே தரையில் வந்து விழுகிறது. அந்த மேட்டுப் படத்தை இன்னும் வகுப்புச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இனி மேலே யார் இருக்கிறார்கள்? அஜிலே 2024 பெப்ரவரியில் காற்றுமண்டலத்துக்குள் விழுந்து எரிந்தது. இன்டெக்ரல் 2025 பெப்ரவரி 28இல் பார்ப்பதை நிறுத்தியது. ஃபெர்மிக்கு 2018 மார்ச் 16இல் சூரியத் தகடொன்று திரும்பாமல் இறுகிவிட்டது. அதைச் சமாளித்து ஓட்டுகிறார்கள், ஆனால் 3 மணிக்கொருமுறை முழு வானம் என்ற பழைய ஒழுங்கு இப்போது இல்லை. அதற்கு முன் 2012 ஏப்ரலில் கொஸ்மோஸ் 1805 என்ற செத்துப்போன சோவியத் செய்மதியில் மோதாமல் தப்ப, கடைசி நாளில் கீழே இறக்குவதற்கென்று வைத்திருந்த உந்திகளை ஒரு வினாடி எரித்து விலகியிருக்கிறது. 5 ஆண்டுக்கென்று அனுப்பிய செய்மதி இது. 2027க்கு நாசா திட்டமிட்டிருக்கும் கோசி இன்னும் குறைந்த சக்திக் காமாக்கதிரைப் பார்க்கப்போகிறது. நல்ல கருவி, ஆனால் ஃபெர்மி எழுதும் பக்கத்தை அது எழுதாது.

போன விடுமுறையில் 3சி 279இன் கணக்கை 1991இலிருந்து ஒரு நீட்டுக் கடதாசியில் ஒட்டி, அண்ணனின் விறாந்தையில் விரித்துக் காட்டினேன். இடது பக்கம் கொம்ப்டனின் புள்ளிகள், ஐதாக. வலது பக்கம் ஃபெர்மியின் நெருக்கமான புள்ளிகள், நடுவில் 2015இன் அந்த ஊசிமுனை. இரண்டுக்கும் இடையில் ஒரு சாண் வெற்றுக் கடதாசி. அண்ணன் அங்கேதான் விரலை வைத்தார்.

"இதென்ன, இதில ஒண்டும் இல்லை?"

"2000இல் கொம்ப்டனைக் கடலில் இறக்கிவிட்டார்கள், அண்ணன். 2007 வரைக்கும் இந்தக் கதிரைப் பார்க்க மேலே ஒன்றும் இருக்கவில்லை. ரேடியோவில் பார்த்தார்கள், சாதாரண ஒளியில் பார்த்தார்கள். இதில் பார்க்கவில்லை."

"இனி எடுக்க ஏலாதோ?"

"ஏலாது. அந்த ஒளி நம்மைக் கடந்து போய்விட்டது."

தலையை ஆட்டினார். "என்ட கொப்பியும் அப்பிடித்தான். இருபது வருசத்துக் கணக்கு, முந்தினதெல்லாம் சுனாமியோட போயிற்று." பிறகு ஊசிமுனையைத் தொட்டு, அது என்ன திகதி என்று கேட்டார். சொன்னேன். உள்ளே போய் 2015 கொப்பியைக் கொண்டுவந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

ஜூன் 16. அமாவாசை. கச்சான், பலம். சூடை 35 கிலோ. எண்ணெய்க்கும் காணாது.